பட்டியல்காரர் ஜான் போஸ்டெல்

போன செமஸ்டர்ல நம்ம இதழ்ல இருந்து உங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சிறுகதைப் போட்டியின் கடைசி தேதி பற்றிய மெயில். உங்களில் பாதிப் பேருக்கு சப்ஜெக்ட் லைன் ஒழுங்கான தமிழில் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்கு ஒரு சமக்குறி, ஒரு கேள்விக்குறி, அதற்குப் பின்னால் அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளும் எண்களும் ரயில் பெட்டி மாதிரி நீளமாக வந்திருக்கும். ஏதோ வைரஸ் மெயில் என்று நினைத்து நிறைய பேர் திறக்காமலே டெலீட் பண்ணிட்டாங்க. போட்டிக்கு வந்து சேர்ந்தது நாலே நாலு கதை. அந்த மெயிலை அனுப்பிய ஸ்கிரிப்டை எழுதிய புண்ணியவான் நான்தான்.

தப்பு ஒரே ஒரு வார்த்தையில் இருந்தது. நம்ம டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். அதில் தமிழும் எமோஜியும் சரியாக வர வேண்டும் என்றால் குறியாக்கத்தின் பெயரை யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுக்க வேண்டும். நான் அதே வேரியபிளை எடுத்து மெயில் ஹெடரிலும் ஒட்டிவிட்டேன். அந்தப் பெயர் மைஎஸ்க்யூஎல் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட செல்லப்பெயர். வெளியே போனால் அது யாருக்கும் தெரியாது. உலகத்துக்குத் தெரிந்த பெயர் யுடிஎஃப்-8, நடுவில் ஒரு கோடு போட்டு. சில மெயில் மென்பொருள்கள் நான் எதைச் சொல்ல வந்தேன் என்று பெருந்தன்மையாக ஊகித்துக்கொண்டன. மற்றவை, இப்படி ஒரு பெயரே இல்லை என்று மூல எழுத்துகளை அப்படியே காட்டிவிட்டன.

அப்போதான் எனக்கு ஒரு கேள்வி. எது சரியான பெயர், எது செல்லப்பெயர் என்று முடிவு பண்ணுவது யார்? எங்கேயோ ஒரு பட்டியல் இருக்க வேண்டும் இல்லையா? இருக்கிறது. இன்டர்நெட்டின் எண்களையும் பெயர்களையும் பதிவு செய்யும் ஐயானா என்ற அமைப்பு அதை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் பின்னால் போனால் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். நீளத் தாடி, குடுமி, காலில் செருப்பு. பெயர் ஜான் போஸ்டெல். (ஆமா, மெயிலுக்கு விதி எழுதினவர் பேரே 'போஸ்டல்' மாதிரி ஒலிக்குது. தற்செயல்தான்.)

போஸ்டெல் பிறந்தது 1943 ஆகஸ்ட் 6, கலிஃபோர்னியாவில் உள்ள ஆல்டடீனா என்ற ஊரில். படித்தது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில். அதே பள்ளியில் படித்த இன்னும் இரண்டு பையன்கள் வின்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர். மூன்று பேரும் பின்னாளில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில், லெனர்ட் க்ளைன்ராக் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் மாணவர்களாகச் சந்தித்தார்கள். போஸ்டெல் அங்கே 1966ல் இளநிலைப் பட்டமும் 1968ல் முதுநிலைப் பட்டமும் வாங்கினார். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் அர்பாநெட் என்ற வலையமைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. அதன் முதல் கணு வந்து இறங்கிய இடம் இவர்கள் ஆய்வகம். 1969 அக்டோபர் 29 அன்று அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. பாதியிலேயே சிஸ்டம் படுத்துவிட்டது என்பது வேற கதை.

அந்த ஆண்டு முடிவதற்குள் இணைந்த முதல் நாலு இடங்களைப் பாருங்க. நாலு இடத்திலும் நாலு வகை கம்ப்யூட்டர். சான்டா பார்பராவில் இருந்தது ஐபிஎம் 360. அது எழுத்துகளைச் சேமித்த முறை எப்சிடிக். வேறு சில கம்ப்யூட்டர்களின் உலகம் ஆஸ்கி. ஒரு கம்ப்யூட்டருக்கு 'ஏ' என்று தோன்றும் எண் இன்னொன்றுக்கு வேறு ஏதோ. ஆக, நம்ம சப்ஜெக்ட் லைன் பிரச்சினை இன்டர்நெட்டை விட வயதில் மூத்தது. அதைத் தீர்க்க வின்ட் செர்ஃப் ஒரு குறிப்பு எழுதினார். வலையில் போகும்போது எல்லோரும் ஆஸ்கியிலேயே பேசிக்கொள்வோம் என்பது அதன் சாரம். அதன் எண் ஆர்எஃப்சி 20, தேதி 1969 அக்டோபர் 16. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆர்எஃப்சி என்பது என்ன? கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுச் சுற்றுக்கு விடப்படும் எண்ணிட்ட குறிப்பு, அவ்வளவுதான். 1969 ஏப்ரலில் க்ராக்கர் முதல் குறிப்பை எழுதினார். மாணவர்கள் பெரியவர்களுக்கு ஆணையிடுவது போலத் தெரியக் கூடாது என்ற கூச்சத்தில் வைத்த பெயர் அது. குறிப்புகள் பெருகப் பெருக, எண் கொடுக்கவும், திருத்தவும், பாதுகாக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை போஸ்டெலிடம் வந்தது. வந்த வேலை 28 ஆண்டுகள் அவரை விட்டுப் போகவில்லை.

அதோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. எந்தச் சேவைக்கு எந்த எண் என்று யாராவது குறித்துவைக்க வேண்டுமே. இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் சண்டை. போஸ்டெல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தார். 1972 மே மாதம் ஆர்எஃப்சி 349 என்ற சின்னக் குறிப்பில், இந்த எண்களைக் கொடுக்க ஒரு ஜார் மன்னர் வேண்டும் என்று எழுதி, நான் இருக்கட்டுமா என்கிற மாதிரி அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியும் போட்டார். யாரும் வேண்டாம்னு சொல்லல. நம்ம டிபார்ட்மென்ட்ல அட்டெண்டன்ஸ் ஷீட்டைக் கையில வாங்கினவன் நாலு வருஷமும் அதைச் சுமக்கிற கதைதான். இன்றைக்கு நீங்கள் லேப் வைவாவில் ஒப்பிக்கும் எஃப்டிபி 21, டெல்நெட் 23, எஸ்எம்டிபி 25 எல்லாம் இந்த நோட்டுப் புத்தகத்தின் வாரிசுகள்.

1974ல் டாக்டர் பட்டம் வாங்கி, ஒன்றிரண்டு இடங்களில் வேலை பார்த்து, 1977 மார்ச்சில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். மரீனா டெல் ரே என்ற கடலோர ஊரில் உள்ள நிறுவனம். கடைசி வரை அங்கேயேதான். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற சக பணியாளர் அவருடைய வலது கை. எண்கள் பட்டியலிலும் ஆர்எஃப்சி திருத்தும் வேலையிலும் அவர் பங்கு பெரிது. போஸ்டெல் புகழில் அவர் பெயர் பாதி மறைந்துபோவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1980 முதல் 1982 வரை அவர் கையிலிருந்து வந்தவற்றைச் சொன்னால் உங்கள் நெட்வொர்க்ஸ் சிலபஸ் மாதிரி இருக்கும். யுடிபி 1980 ஆகஸ்டில். ஐபி, ஐசிஎம்பி, டிசிபி மூன்றும் 1981 செப்டம்பரில், 791, 792, 793 என்று அடுத்தடுத்த எண்களில். எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். டிசிபி, ஐபி யோசனை செர்ஃபும் பாப் கானும் போட்டது. அதைத் தெளிவான, யார் படித்தாலும் புரோகிராம் எழுத முடிகிற விதியாக எழுதித் தந்தவர் போஸ்டெல். மெயில் விஷயத்தில் அவர் பங்கு இன்னும் நேரடியானது. 1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 821, அதாவது எஸ்எம்டிபி, அவர் பெயரில் மட்டும் வந்தது. மெயில் மேல் அவருக்கு அக்கறை வந்தது அதற்கும் முன்னால். 1975 நவம்பரிலேயே வேண்டாத மெயில் என்ற தொல்லை பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருக்கிறார். வேண்டாத இடத்திலிருந்து வருவதை மறுக்க ஒரு கம்ப்யூட்டருக்கு வழியே இல்லையே என்பது அவர் கவலை. ஸ்பாம் என்ற சொல் இந்த அர்த்தத்தில் புழங்குவதற்கு ரொம்ப முன்னால்.

இப்போது நமக்கு வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். எஸ்எம்டிபி விதியில் ஒரு சின்ன ஷரத்து இருக்கிறது. மெயிலில் போகும் எழுத்துகள் 7 பிட் ஆஸ்கி. அதை 8 பிட் பைட்டில் வைத்து அனுப்பினால், மேலே உள்ள அந்த எட்டாவது பிட் பூஜ்யமாக இருக்க வேண்டும். 1982ல் பார்த்தால் இதில் ஒரு குற்றமும் இல்லை. வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார்கள், 128 எழுத்து போதும். ஆனால் எட்டாவது பிட் பூஜ்யம் என்றால் பிரெஞ்சுக்காரரின் உச்சரிப்புக் குறிகள் போகாது, ரஷ்ய எழுத்து போகாது, தமிழ் சத்தியமாகப் போகாது. வழியில் இருக்கும் சர்வர்கள் அந்த பிட்டை வெட்டிவிட்டு அனுப்ப உரிமை உள்ளவை. நல்ல எண்ணத்தோடு எழுதிய ஒரு வரி, ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளைப் பத்து வருடம் வாசலில் நிறுத்திவிட்டது. எனக்கு போஸ்டெலைப் பிடிக்கும், ஆனாலும் இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

ஜப்பான்காரர்கள் காத்திருக்கவில்லை. எட்டாவது பிட்டைத் தொடாமல், நடுநடுவே சில தப்பிப்புக் குறிகளைப் போட்டு, ஏழு பிட்டுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான எழுத்துகளை அடக்கும் ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்ற முறையை மெயிலுக்கு வைத்துக்கொண்டார்கள். 1993 ஜூனில் அது ஆர்எஃப்சி 1468 ஆக வெளிவந்தது. டாட்நெட்டில் வேலை பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கலாம். அங்கே ஒரே குறியாக்கத்துக்கு வெப் நேம், பாடி நேம், ஹெடர் நேம் என்று மூன்று பெயர்கள் உண்டு. ஷிஃப்ட்-ஜிஸ்ஸின் வெப் நேம் ஷிஃப்ட்-ஜிஸ்தான். ஹெடர் நேம் கேட்டால் ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்று வரும். எந்தக் கிறுக்கன் இப்படி வெச்சான்னு நானும் திட்டியிருக்கேன். காரணம் 1982ன் அந்த எட்டாவது பிட்.

எல்லா மொழிக்கும் பொதுவான வழி 1992 ஜூனில் வந்தது. நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற விதியை எழுதினார்கள். மெயில் உடம்புக்குள் இருக்கும் எழுத்து எந்தக் குறியாக்கம் என்று ஹெடரில் பெயர் சொல்லிவிட வேண்டும். அதற்கான இடம்தான் சார்செட். சரி, ஹெடருக்குள்ளேயே, அதாவது சப்ஜெக்ட்டிலேயே தமிழ் வந்தால்? அதற்குக் கீத் மூர் என்பவர் ஒரு தந்திரம் சொன்னார். =? என்று ஆரம்பி. அடுத்து குறியாக்கத்தின் பெயர். ஒரு கேள்விக்குறி. பிறகு 'பி' அல்லது 'க்யூ' என்ற ஓர் எழுத்து. 'பி' என்றால் பேஸ்64. இன்னொரு கேள்விக்குறி. அதன் பின் ஆஸ்கியாக மாற்றிய சரக்கு. கடைசியில் ?= போட்டு மூடு. மொத்த நீளம் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. பழைய சர்வர்கள் இதைச் சாதாரண ஆஸ்கி என்று நினைத்துக் கைவைக்காமல் விட்டுவிடும். போய்ச் சேரும் இடத்தில் பெயரைப் பார்த்துத் திரும்பப் பிரித்துக்கொள்ளலாம்.

அந்த 75ஐத் தமிழுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. யுடிஎஃப்-8 என்று பெயர் சொல்லி, குறிகளையெல்லாம் போட்டால் 12 எழுத்து போச்சு. மிச்சம் 63. பேஸ்64 நாலு நாலாகத்தான் வரும், ஆக 60. யுடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், அது பேஸ்64ல் 4 எழுத்து. 60ஐ 4ஆல் வகுத்தால் 15. ஒரு துண்டுக்குள் 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'தொழில்நுட்பம்' என்ற ஒரு சொல்லே 13 ஆகிவிடுகிறது. அதனால் தமிழ் சப்ஜெக்ட் பெரும்பாலும் பல துண்டுகளாகத்தான் போக வேண்டும், அதுவும் ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டாமல். என் ஸ்கிரிப்ட் மொத்தத்தையும் ஒரே துண்டாகத் தள்ளியது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. அனுப்புகிறவர் எழுதும் பெயரும் வாங்குகிறவர் புரிந்துகொள்ளும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நடுவில் பொதுவான பட்டியல் இருந்தால்தான் முடியும். 1980களின் கடைசியில் போஸ்டெலின் நோட்டுப் புத்தக வேலைக்கு ஐயானா என்று ஒரு பெயர் வந்திருந்தது. பெயர் கேட்க பிரமாண்டமான அரசு அலுவலகம் மாதிரி இருக்கும். நிஜத்தில் போஸ்டெலும், ரெனால்ட்ஸும், ஒரு சிலரும்தான். போர்ட் எண், நெறிமுறை எண், டொமைன் எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் இப்போது எழுத்துக் குறியாக்கங்களின் பெயர்களும் சேர்ந்தன. 1994 அக்டோபரில் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் வெளியிட்ட ஆர்எஃப்சி 1700 என்ற பதிவேடு 230 பக்கம். அதில் சார்செட் பெயர்களுக்கென்றே ஒரு பெரிய பகுதி உண்டு. பெயர் 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஆஸ்கியில் அச்சாகும் எழுத்துகளாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

பட்டியலைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். சாதாரண ஆஸ்கிக்கே பத்து மாற்றுப்பெயர் இருக்கிறது. யுஎஸ், ஐபிஎம்367, சிபி367, ஐஎஸ்ஓ646-யுஎஸ், ஆன்சி_எக்ஸ்3.4-1968 என்று போகிறது. இந்தக் கடைசிப் பெயரை உங்களில் சிலர் பார்த்திருப்பீங்க. லோக்கேல் எதுவும் செட் பண்ணாத லினக்ஸ் கன்டெய்னருக்குள்ள என்ன குறியாக்கம்னு கேட்டா இதுதான் பதிலா வரும். ஏதோ கரப்ட் ஆயிடுச்சுன்னு பயந்து நான் ஒருதடவை கன்டெய்னரையே அழிச்சிருக்கேன். அது வெறும் ஆஸ்கியோட முழுப்பெயர். இத்தனை பெயர்களில் மெயிலுக்கு எதை எழுதுவது? அதற்காகத்தான் பட்டியலில் ஒன்றை மட்டும் மைமுக்கு உகந்த பெயர் என்று குறித்திருக்கிறார்கள். ஆஸ்கிக்கு யுஎஸ்-ஆஸ்கி. பைத்தானில் நீங்கள் லேட்டின்-1 என்று கொடுத்தாலும் ஈமெயில் மாட்யூல் அதை ஐஎஸ்ஓ-8859-1 என்று மாற்றித்தான் ஹெடரில் எழுதும். ஜாவா மெயிலில் ஜாவாவின் உள்பெயரை மைம் பெயராக மாற்றுவதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நான் கையால் ஒட்டாமல் இந்த மாதிரி லைப்ரரியிடம் விட்டிருந்தால் யுடிஎஃப்8எம்பி4 என்ற பெயரைப் பார்த்ததும் அது அங்கேயே எரர் அடித்து நின்றிருக்கும்.

போஸ்டெலைப் பற்றிப் பேசினால் அவருடைய விதி ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980ல் ஐபி விதியை எழுதும்போது சேர்த்தது. அனுப்பும்போது விதியைக் கறாராகப் பின்பற்று, வாங்கும்போது கொஞ்சம் தாராளமாக இரு என்பது அதன் கருத்து. இன்டர்நெட் ஓடுவதற்கு இந்தத் தாராளம் ஒரு காரணம். என் மெயில் பாதிப் பேருக்காவது தமிழில் தெரிந்தது அதனால்தான். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. வாங்குகிறவர்கள் தாராளமாக இருப்பதைப் பார்த்து அனுப்புகிறவர்கள் கறாரை விட்டுவிட்டார்கள். ஐஎஸ்ஓ-8859-1 என்று பெயர் எழுதிவிட்டு உள்ளே விண்டோஸ்-1252ன் வளைந்த மேற்கோள் குறிகளை வைத்து அனுப்பினார்கள். ஜிபி2312 என்று சொல்லிவிட்டு அதில் இல்லாத சீன எழுத்துகளை, அதைவிடப் பெரிய ஜிபிகேயிலிருந்து எடுத்துப் போட்டார்கள். கடைசியில் இணைய உலாவிகள் ஐஎஸ்ஓ-8859-1 என்ற பெயரைப் பார்த்தாலே அதை விண்டோஸ்-1252 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்திலேயே விதி வந்துவிட்டது. பொய் இத்தனை பரவலாகி அதுவே உண்மை ஆகிவிட்டது. என் ஸ்கிரிப்ட் முதல் டெஸ்டிலேயே முழுசாகத் தோற்றிருந்தால், நான் அதை 'ஒர்க் ஆகுது' என்று நினைத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்க மாட்டேன். எனக்கு டெஸ்ட் மெயில் வந்த இன்பாக்ஸ் தாராளமானது, அதுதான் பிரச்சினை.

பெயர்கள் விஷயத்தில் போஸ்டெலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தான் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி பார்த்துக்கொள்வது. நாடுகளுக்கு டொமைன் கொடுக்க வேண்டி வந்தபோது, எது நாடு எது நாடு இல்லை என்று ஐயானா முடிவு செய்யாது என்று 1994ல் எழுதிவைத்தார். ஐஎஸ்ஓ ஏற்கெனவே வைத்திருந்த ஈரெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். சார்செட் பெயர்களிலும் அதே போக்குதான். குறியாக்கம் நல்லதா மோசமா என்று மார்க் போடுவது பதிவேட்டின் வேலை இல்லை. அதற்கு ஒரு தெளிவான விளக்கம் எழுத்தில் இருக்கிறதா, பெயர் வேறொன்றோடு மோதாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்துவிட வேண்டும்.

1998 ஜனவரி. அடுத்தடுத்த எண்களில் மூன்று ஆர்எஃப்சிகள் வெளிவந்தன. 2277, இனி இன்டர்நெட் நெறிமுறைகள் யுடிஎஃப்-8ஐப் பயன்படுத்த முடிய வேண்டும் என்ற கொள்கை. 2278, சார்செட் பெயர்களைப் பதிவு செய்யும் நடைமுறை. 2279, யுடிஎஃப்-8ன் விளக்கம். நடுவில் உள்ள 2278ன் ஆசிரியர்கள் நெட் ஃப்ரீட், ஜான் போஸ்டெல். பதினாறு வருடத்துக்கு முன் எட்டாவது பிட்டைப் பூஜ்யமாக்கிய அதே கை, எல்லா மொழிகளின் எழுத்துக்கும் பெயர் பதிவு செய்யும் விதியையும் எழுதியது.

அதே மாதக் கடைசியில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய சர்ச்சை. டொமைன் பெயர்கள் அப்போது பணம் காய்ச்சும் மரம் ஆகிவிட்டன. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் பதிவு வேலையைச் செய்தது. இதெல்லாம் யார் கட்டுப்பாட்டில் என்று அமெரிக்க அரசு, நிறுவனங்கள், பொறியாளர்கள் மூன்று பக்கமும் இழுபறி. ஜனவரி 28 அன்று போஸ்டெல், ரூட் சர்வர்களை நடத்தியவர்களில் எட்டுப் பேருக்கு ஒரு மெயில் அனுப்பினார். மூலக் கோப்பை இனி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் சர்வரில் இருந்து எடுக்காமல் ஐயானா சர்வரில் இருந்து எடுங்கள் என்று. அரசு கையில் இல்லாத சர்வர்கள் அவை. எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். இன்டர்நெட் வழக்கம்போல ஓடியது, பயன்படுத்தியவர்கள் யாரும் எதையும் உணரவில்லை. வாஷிங்டன் உணர்ந்தது. வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டார். இது வெறும் சோதனைதான் என்று சொல்லி போஸ்டெல் பழையபடி மாற்றிக்கொடுத்தார். சோதனையா, செய்தியா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், கையெழுத்தோ அதிகாரமோ இல்லாமல் ஒரு மெயிலை மட்டும் நம்பி எட்டுப் பேர் மாற்றினார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பட்டியலை நியாயமாக வைத்திருந்ததற்குக் கிடைத்த நம்பிக்கை அது. ஒரே ஒரு மனிதரை இவ்வளவு நம்புவது ஆபத்து என்று அரசு பயந்ததிலும் தப்பில்லை.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஐகான் என்ற அமைப்பு பதிவானது. ஐயானா வேலை அதன் கீழ் போகும், போஸ்டெல் அதன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்று ஏற்பாடு. அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. 1991லேயே அவருக்கு இதய வால்வு மாற்றும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மறுபடி இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அதைத் தொடர்ந்த சிக்கலில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். வயது 55. தேதி 1998 அக்டோபர் 16. ஆஸ்கியில் பேசிக்கொள்வோம் என்று அவருடைய பள்ளித் தோழர் குறிப்பு எழுதி, நாள் பிசகாமல் 29 வருடம்.

அதே செர்ஃப்தான் அவருக்கான அஞ்சலியையும் எழுதினார். அது பத்திரிகையில் வந்த இரங்கல் கட்டுரை இல்லை. ஓர் ஆர்எஃப்சி, எண் 2468. அத்தனை வருடம் எல்லோருடைய குறிப்புக்கும் எண் கொடுத்தவருக்கு அவருடைய பட்டியலிலேயே ஓர் எண்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2278 விதியைத் திருத்திப் புதுப்பித்து ஆர்எஃப்சி 2978 என்று வெளியிட்டார்கள். இன்றைக்கும் சார்செட் பெயர் பதிவு செய்ய அதுதான் அடிப்படை விதி. முதல் பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள் பெயர், ஃப்ரீட், போஸ்டெல். தேதி 2000 அக்டோபர். அவர் போய் இரண்டு வருடம் கழித்து.

பட்டியல் இன்னும் ஐயானா தளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண். யுஎஸ்-ஆஸ்கிக்கு 3. யுடிஎஃப்-8க்கு 106. இன்னும் கீழே வாங்க, 2107ல் டிஸ்கி என்று ஒரு பெயர் இருக்கும். யூனிகோட் பரவுவதற்கு முன் வெளிநாட்டுத் தமிழர்களும் இங்குள்ளவர்களும் மெயில் குழுக்களில் பேசிப் பேசி உருவாக்கிய தமிழ்க் குறியாக்கம் அது. போஸ்டெல் காலத்துக்குப் பிறகுதான் பட்டியலில் ஏறியது, ஆனால் அவர் பெயர் போட்ட நடைமுறைப்படி. அதே காலத்தில் புழங்கிய டாப், டாம் குறியாக்கங்களைத் தேடினால் கிடைக்காது. அவற்றில் எழுதிய பழைய மெயில் யார் பெட்டியிலாவது இருந்தால், அதன் ஹெடரில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக ஏதாவது ஒரு பொய்ப் பெயராகத்தான் இருக்கும், ஐஎஸ்ஓ-8859-1 மாதிரி. பாவம், அவங்களுக்கு எழுத வேற பேர் இல்ல.

என் ஸ்கிரிப்டைத் திருத்திட்டேன். டேட்டாபேஸுக்கு ஒரு வேரியபிள், ஹெடருக்கு வேற வேரியபிள், துண்டு போடுற வேலை லைப்ரரிக்கு. சிறுகதைப் போட்டியை இந்த செமஸ்டர் திரும்பவும் வைக்கிறோம். மெயில் வரும். சப்ஜெக்ட் தமிழில் தெரியலன்னா, ஒரிஜினலைத் திறந்து =? க்கு அடுத்து என்ன பேர் இருக்குன்னு பார்த்து எனக்குச் சொல்லுங்க.